பதியாமல் விட்ட கல்யாணம்

கிள்ளான்,
12.2.2023

அன்பான ராஜினி கண்ணுக்குப் பாட்டி எழுதுவது. நான் நலம். சர்க்கரை ஏழில் நிற்கிறது. முட்டிதான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? முதல் வரியிலேயே கேட்டுவிட்டேன், கடைசியில் மறந்துவிடுவேன்.

நேற்று நீ போன் செய்தாய். "பாட்டி" என்றது கேட்டது. அதற்குப் பிறகு பாசாரில் மீன் விற்கிற இரைச்சல்தான். காது மெஷினை மாட்டினால் விசில் அடிக்கிறது, கழற்றினால் ஒன்றுமே இல்லை. நான் "ம், ம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நீ எதற்கோ சிரித்தது போல இருந்தது. எதற்கென்று தெரியாமல் நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு வெட்கமாகப் போய்விட்டது. அதனால்தான் இந்தத் தாள். தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாவதோடு நின்றவள்தான். ஆனால் கையெழுத்துக்கு அன்றைக்கும் எனக்குத்தான் முதல் மார்க்கு.

உன் அம்மா ஜொகூரில் இருந்து வாரம் ஒரு முறை வீடியோவில் வருகிறாள். வாய் அசைவது தெரிகிறது. நல்லாத்தான் இருக்கிறாள்.

பக்கத்து வீட்டு நாகையா கேட்டான், "பேத்தி இன்னுமா படிக்குது? டிகிரிதான் முடிஞ்சிருச்சேக்கா?"

"இது அதுக்கு மேல."

"அதுக்கு மேல என்னக்கா இருக்கு? மொட்டை மாடிதான்."

"ஏறிப் பாத்தாத்தானே தெரியும் லா. நீ கீழயே நில்லு" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, நீ என்ன படிக்கிறாய் என்று எனக்கே சரியாகத் தெரியாது. கல்வி என்கிறாய், சட்டம் என்கிறாய். வாத்தியார் ஆகப் போகிறாயா, வக்கீல் ஆகப் போகிறாயா? விளக்கமாக எழுது. நான் நாலு பேருக்குச் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டுப் போயிருக்கிறாய். உன் அறையில் மின்விசிறி தானாகச் சுற்றுகிற மாதிரி தோன்றி இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். சுற்றவில்லை.

உன் பாட்டி,
புஷ்பவல்லி


பிரிக்பீல்ட்ஸ்,
26.2.2023

அன்புள்ள பாட்டிக்கு வணக்கம். முதல் வரிக்கு முதல் பதில்: சாப்பிடுகிறேன். நீங்கள் கொடுத்துவிட்ட நார்த்தங்காய் ஊறுகாய் பாதிக்கு வந்துவிட்டது.

என் அறை தண்டவாளத்தைப் பார்த்த மூன்றாவது மாடி. இந்த வீட்டில் இன்னும் மூன்று பெண்கள் இருக்கிறார்கள். முகம் தெரியாது. வாசலில் கிடக்கும் காலணிகளை வைத்துத்தான் யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிறேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வாயைத் திறக்காமல் கழிந்துவிடுகிறது. கடையில் ஐஸ் தேநீரைக் கட்டித் தரச் சொல்லி "தே ஓ ஐஸ், பூங்குஸ்" என்னும்போது என் குரல் எனக்கே புதிதாக இருக்கிறது.

வாத்தியாரும் இல்லை, வக்கீலும் இல்லை பாட்டி. பள்ளிக்கூடத்துக்குள் யாரை விடலாம் என்று சட்டம் சொல்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது, அது நியாயமா என்று ஆராய்வதுதான் என் முதுகலை. இந்த நாட்டிலேயே பிறந்து, பிறப்புப் பத்திரத்தில் 'குடியுரிமை இல்லாதவர்' என்று போடப்பட்ட பிள்ளைகளின் படிப்பு எந்த இடத்தில் நின்றது என்று எழுதப் போகிறேன். உங்களுக்குத் தோட்டத்துச் சனங்களை எல்லாம் தெரியும். தெரிந்ததை எழுதி அனுப்புங்கள். கடிதத்தையே ஆராய்ச்சிக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். ஒப்புதல் படிவம் வைத்திருக்கிறேன். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நம் துர்காஷினியும் அப்படிப்பட்ட பிள்ளைதானே. உங்கள் பிள்ளை கமலநாதன் மாமா குடிமகன். தங்கமணி அத்தையிடம் பச்சை ஐ.சி. அடையாள அட்டை மட்டும்தான், குடியுரிமை இல்லை. கோவிலில் தாலி கட்டியதை மாமா பதிவிலாகாவில் பதிந்திருந்தால், மகளுக்கு அவருடைய குடியுரிமை வந்திருக்கும். பதியாததால் சட்டப்படி அவளுக்கு அம்மா வழி மட்டும்தான். மாமா ஏன் பதியவில்லை, பாட்டி?

முட்டிக்குத் தைலம் தேயுங்கள்.

அன்புடன்,
ராஜினி


கிள்ளான்,
15.3.2023

ராஜினி கண்ணுக்கு ஆசிகள். கடிதம் கிடைத்தது. நான்கு தரம் படித்தேன். நாகையாவுக்கு ஒரு தரம் சத்தமாகப் படித்துக் காட்டினேன், மொட்டை மாடியில் என்ன இருக்கிறது என்று அவனுக்கும் தெரியட்டும்.

எங்கள் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அப்படி மூன்று குடும்பம் இருந்தது. ஒரு வீட்டில் ஐந்து பிள்ளைகள். பிரசவம் எல்லாம் வீட்டோடு. அப்பன்காரன் மழை விட்டதும் போய்ப் பதிகிறேன் என்றான். மழை விட்டது, அடுத்த பிள்ளை வந்தது, இவன் போகவில்லை. மூத்த பையனைப் பள்ளியில் சேர்க்கக் கூட்டிப்போனபோது பெரிய வாத்தியார், "இவன் பொறந்ததுக்கு என்னய்யா அத்தாட்சி?" என்று கேட்டாராம். அப்பன் பிள்ளையை முன்னால் தள்ளி, "இதோ நிக்கறானே சார்" என்றானாம். லயமே ஒரு மாதம் சிரித்தது. அந்தப் பையன் கடைசி வரை மாடு மேய்த்தான். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

என்னிடம் பத்திரம் இருந்தும் ஐந்தாவதோடு நிறுத்தினார்கள். தம்பி பிறந்தான், தூக்கி வைத்துக்கொள்ள ஆள் இல்லை. இதையும் எழுதிக்கொள்.

படிவத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கேட்டது ஓர் இடத்தில்தான், ஆனாலும் போட்டேன். 'பங்கேற்பாளர் 4' என்று போட்டிருக்கிறாயே, அது யார், நானா? பெயர் வைக்க என் அப்பா பூசாரியைக் கூப்பிட்டுப் பானகம் எல்லாம் கொடுத்திருக்கிறார். நீ நம்பர் கொடுக்கிறாய்.

துர்காவைப் பற்றிக் கேட்டிருந்தாய். இங்கே வெயில் கொளுத்துகிறது. மதியத்தில் வெளியே தலை காட்ட முடியவில்லை. நீயும் குடை எடுத்துப் போ.

பாட்டி,
புஷ்பவல்லி


பிரிக்பீல்ட்ஸ்,
2.4.2023

அன்புள்ள பாட்டி, உடம்பு எப்படி இருக்கிறது? குடை வாங்கிவிட்டேன்.

நீங்கள் எழுதியதை வகுப்பில் வாசித்தேன். "இதோ நிக்கறானே சார்" என்ற இடத்தில் எல்லாரும் முதலில் சிரித்தார்கள். பேராசிரியர் அந்த ஒரு வரியைப் பலகையில் எழுதிப் போட்டார். பெயர் போட முடியாது பாட்டி, விதி அப்படி. ஆனால் நான்காம் எண் யார் என்று எனக்குத் தெரியும்.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். சட்ட உதவி மையத்தில் சுகுமாறன் என்ற வக்கீல் இருக்கிறார். துர்காவின் விவரத்தைக் காட்டினேன். இருபத்தொரு வயது முடிவதற்குள் அவள் குடியுரிமைக்கு விண்ணப்பம் போடலாமாம். அதைத் தாண்டினால் இந்த வழி அடைந்துவிடும். நவம்பர் 18 அவளுக்கு இருபத்தொன்று. இன்னும் ஏழு மாதம்.

அப்பா வழியில் ஒருவர் சத்திய வாக்குமூலம் கொடுத்தால் விண்ணப்பத்துக்குப் பலம் என்கிறார். கல்யாணம் உண்மையாகவே நடந்தது, துர்கா கமலநாதனின் மகள்தான், பதிவு செய்யாததற்கு இதுதான் காரணம், இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும். மாமா இறந்து இருபது வருஷம். என் அம்மா அப்போதே ஜொகூருக்குப் போய்விட்டார், அவருக்கு ஒன்றும் தெரியாது. உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை.

இதற்கு மட்டுமாவது உடனே பதில் போடுங்கள்.

அன்புடன்,
ராஜினி


கிள்ளான்,
30.5.2023

ராஜினிக்கு, பாட்டி சௌக்கியம். நீயும் சௌக்கியமாக இருக்க அம்மன் துணை.

பதில் போடத் தாமதமாகிவிட்டது. ஏப்ரலில் சளி. பிறகு கோவில் திருவிழா. பிறகு பேனா எங்கேயோ விழுந்துவிட்டது. பாவக்காய் வத்தல் போட்டேன், காய்ந்து நன்றாக வந்திருக்கிறது, இத்தோடு அனுப்புகிறேன். புஷ்பராகம் மாதிரி இருக்கிறது, எண்ணெய் காய்ந்த பிறகு போடு.

சத்தியம் அது இது என்று கோர்ட்டு வாசலில் நிற்கிற பழக்கம் நம் வீட்டில் யாருக்கும் இல்லை. அது உன் மாமா சம்பந்தப்பட்ட விஷயம். அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். எனக்குத் தேதி, கிழமை ஒன்றும் ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாததைச் சத்தியம் செய்யக் கூடாது.

இரண்டு வாரமாக யாரிடமும் பேசவில்லை. நாகையா மகள் வீட்டுக்குச் செந்தூலுக்குப் போயிருக்கிறான். நீ எப்போது வருவாய்? கொமுட்டர் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரம்தானே.

பாட்டி


பிரிக்பீல்ட்ஸ்,
25.6.2023

பாட்டிக்கு, வத்தல் கிடைத்தது.

போன ஞாயிறு கம்போங் மேடானுக்குப் போயிருந்தேன். தங்கமணி அத்தை இருப்பது மலிவுவிலை அடுக்குமாடியில் நான்காவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. துர்கா கதவைத் திறந்தாள். சின்ன வயதில் யாரோ கல்யாணத்தில் பார்த்தது. மாமாவின் மூக்கு அப்படியே இருக்கிறது.

பள்ளி இறுதி எஸ்.பி.எம். தேர்வில் ஏழு 'ஏ' எடுத்திருக்கிறாள் பாட்டி. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பிக்க ஐ.சி. நம்பர் கேட்டிருக்கிறார்கள். இப்போது பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் பிஸ்கட் பெட்டி ஒட்டுகிறாள்.

என் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னேன். "அக்கா, என்னை வெச்சு நீங்க மாஸ்டர்ஸ் வாங்கிருவீங்க. எனக்கு என்ன கெடைக்கும்?" என்று கேட்டாள். கிண்டலாகத்தான் கேட்டாள்.

"உங்க அப்பா ஏன் ரிஜிஸ்டர் பண்ணலன்னு தெரியுமா?" என்றேன்.

"அவருக்குத் தோணல. அவ்வளவுதான். எங்கள அவ்வளவு பெருசா நெனைக்கல போல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் போன பிறகு அத்தை மெதுவாகச் சொன்னார். "பதிவிலாகாவுல தேதி குடுத்தாங்கம்மா. ரெண்டாயிரத்து ஒண்ணு, ஜூலை கடைசி. நான் பொடவை கூட எடுத்து வெச்சேன். உங்க பாட்டிதான் ஆடி மாசத்துல கல்யாணக் கையெழுத்தா, ஆகவே ஆகாதுன்னு நிப்பாட்டிட்டாங்க. அப்புறம் அவரு அதப் பத்தியே பேசல. நானும் கேக்கல. இதெல்லாம் இவகிட்ட எப்படிச் சொல்றது, பாட்டிய வெறுத்துருவாளேன்னு விட்டுட்டேன்."

உங்களை வெறுத்துவிடக் கூடாது என்று அத்தை இருபது வருஷமாக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்.

தேதி ஞாபகம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இப்போது ஞாபகம் வருகிறதா, பாட்டி?

இந்த மாதம் நான் வரவில்லை.

ராஜினி


கிள்ளான்,
20.7.2023

ராஜினிக்கு.

ஆடிதான். ஆடியில் யார் வீட்டில் நல்ல காரியம் செய்தார்கள்? நான் ஒருத்தி மட்டும் கண்டுபிடித்த வழக்கமா? அம்மன் முன்னால் கட்டின தாலிக்கு மேலே ஆபீஸ் முத்திரை பெரிதென்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நீ இன்றைக்குப் படித்துவிட்டு வந்து கேட்கிறாய். அன்றைக்கு யார் படித்திருந்தார்கள்?

உன் படிவத்தை எடுத்து மறுபடியும் படித்தேன். 'பங்கேற்பாளர் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், காரணம் கூறத் தேவையில்லை' என்று போட்டிருக்கிறது. நான் விலகிக்கொள்கிறேன். காரணம் கூறவில்லை.

புஷ்பவல்லி


பிரிக்பீல்ட்ஸ்,
28.7.2023

பாட்டிக்கு,

விலகல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. விதிப்படி உங்கள் கடிதங்களை ஆராய்ச்சிக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டேன். பலகையில் எழுதிய வரியும் ஆய்வேட்டில் வராது.

வாக்குமூலத்துக்கும் ஆராய்ச்சிக்கும் சம்பந்தம் இல்லை. அதில் விலகல் என்று ஒன்று கிடையாது. நவம்பர் 18.

ராஜினி


கிள்ளான்,
17.9.2023

ராஜினி கண்ணு, இது உனக்கு எழுதுகிற நாலாவது தாள். முதல் மூன்றையும் கிழித்துவிட்டேன். நான் நலமா இல்லையா என்பதை விடு.

ஆடி என்று சொன்னது உண்மை. ஆனால் ஆடி ஒரு மாதம்தான்.

ஆவணி பிறந்ததும் அவன் மறுபடி கேட்டான். தங்கமணிக்குத் தெரியாது. வேலைக்குக் கிளம்பும்போது சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே கேட்டான். "அம்மா, ஆடி போச்சு. வேற தேதி வாங்கட்டுமா?" நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். திரும்பாமலே சொன்னேன், "பச்சை ஐ.சி.க்காரி. நாளைக்கு அவ பாட்டுக்கு விட்டுட்டுப் போனா, அவ பேரு உன் பத்திரத்துல ஒட்டிக்கிட்டு நிக்கும். ஒரு பிள்ளை பொறக்கட்டும், பாக்கலாம்." அவன் "சரிம்மா" என்றான். எதற்கும் சரிம்மாதான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினவன் இல்லை. அதில் எனக்குப் பெருமை வேறு. பார், என் பிள்ளை என் பேச்சைத் தாண்டமாட்டான் என்று லயத்தில் எல்லாம் சொல்லியிருக்கிறேன்.

பிள்ளை பிறந்தது. பத்திரம் வந்தது. அதில் அப்படி எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு மூன்றாவது தரமும் கேட்டான். "ஸ்கூலுக்குப் போக இன்னும் ஏழு வருஷம் இருக்கு, இப்ப என்ன அவசரம்" என்றேன். மூன்றாவது மாதம் லோரி கவிழ்ந்து போய்விட்டான். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தங்கமணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். இருந்துகொள் என்று நான் சொல்லவில்லை.

எனக்கு அவளைப் பிடிக்கவில்லை, ராஜினி. அவ்வளவுதான். ஆடி நல்ல வேளையாக வந்து மாட்டியது. வழக்கத்தின் பின்னால் நின்றுகொண்டால் யாரும் நம் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

கையெழுத்துப் போடுகிறேன். வக்கீலை எழுதச் சொல். உனக்கு ஒரு சனிக்கிழமை ஒழிந்தால் வா, இரண்டு பேருமாகப் போகலாம்.

பாட்டி


கிள்ளான்,
22.10.2023

ராஜினிக்குப் பாட்டி.

வக்கீல் எழுதின தாள்கள் ஐந்தாம் தேதி வந்தன. உன் கடிதம் உள்ளே இருக்கிறதா என்று உறையை உதறிப் பார்த்தேன். மஞ்சள் துண்டில் 'இங்கே கையெழுத்து' என்று மட்டும் இருந்தது. உன் எழுத்துத்தான். இரண்டு சனிக்கிழமை காத்திருந்தேன். பிறகு வெள்ளிக்கிழமை நானே போனேன்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரில், மாடியில் சத்தியப் பிரமாண ஆணையர் ஆபீஸ். பரமேஸ்வரன் என்று பெயர் பலகை. நம் ஆள்தான். என்னைப் பார்த்ததும் மைப் பெட்டியை எடுத்து முன்னால் வைத்தார்.

"மை எதுக்கு?"

"கைநாட்டுதானே ஆன்டி?"

"அஞ்சாவது படிச்சிருக்கேன். பேனா குடுங்க."

மெஷினை மாட்டிக்கொண்டு, மலாய்த் தாளை எனக்குத் தமிழில் சத்தமாகச் சொல்லச் சொன்னேன். விசில் அடித்தது. அவர் என் காதருகே வந்து ஒவ்வொரு வரியாகச் சொன்னார். நீ வக்கீலிடம் சொன்னதை வைத்து எல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தார்கள். காரணம் என்ற இடத்தில் மட்டும் 'ஆடி மாதம் என்ற சமய வழக்கத்தின் காரணமாக' என்று இருந்தது. அதோடு முடித்துவிட்டார்கள்.

"இது பத்தாது. ஆவணியில என் மகன் மறுபடி கேட்டான். நான்தான் வேண்டாம்னேன். புள்ள பொறந்த பிறகும் கேட்டான். அதுக்கும் நான்தான். அதை எழுதுங்க" என்றேன்.

"ஆன்டி, ஆடின்னே இருக்கட்டுமே லா. வழக்கம்னா ஆபீசருக்கும் புரியும். கேக்கவும் நல்லா இருக்கு. எதுக்கு உங்களையே நீங்க போட்டுக் குடுக்கறீங்க?"

"இது சத்தியந்தானே?"

"ஆமா."

"அப்ப எழுதுங்க."

அவர் சுகுமாறன் வக்கீலுக்குப் போன் போட்டார். ரொம்ப நேரம் பேசினார்கள். பிறகு கையாலேயே இரண்டு வரி சேர்த்து, ஓரத்தில் என்னைச் சின்னக் கையெழுத்துப் போடச் சொன்னார். முத்திரை குத்தினார். என் பிள்ளை பெயரை அத்தனை சத்தமாக ஒருவர் சொல்லிக் கேட்டு இருபது வருஷம் இருக்கும். 'கமலநாதன்' மட்டும் விசில் இல்லாமல் கேட்டது.

பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். உன் ஆராய்ச்சியிலும் இதைச் சேர்த்துக்கொள்ளலாம். விலகினதை வாபஸ் வாங்குகிறேன். அதற்குப் படிவம் உண்டா?

தீபாவளிக்கு முறுக்கு சுடுகிறேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் சுடுகிற முறுக்குத்தான்.

பாட்டி


பிரிக்பீல்ட்ஸ்,
20.11.2023

அன்புள்ள பாட்டி, நலமாக இருக்கிறீர்களா? தீபாவளிக்கு நான் வரவில்லை. வேலை இருந்தது என்று எழுதலாம். இல்லை. அன்றைக்கு நான்கு ஜோடிக் காலணிகளில் என்னுடையது மட்டும்தான் வாசலில் கிடந்தது. கொமுட்டர் நிலையம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். உங்கள் முகத்தைப் பார்த்து என்ன பேசுவது என்று தெரியவில்லை.

நவம்பர் 8 விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டோம். பத்து நாள் மிச்சம் வைத்து. ரசீது துர்காவிடம் இருக்கிறது. பதில் வர ஒரு வருஷம் ஆகலாம், மூன்று வருஷமும் ஆகலாம். கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

கொடுப்பதற்கு முன் உங்கள் வாக்குமூலத்தை அவளிடம் காட்டினேன். ரயிலில் உட்கார்ந்து படித்தாள். கையால் எழுதின இரண்டு வரிக்கு வந்ததும் படிப்பதை நிறுத்திவிட்டாள். அடுத்த நிலையம் போனது, அதற்கடுத்ததும் போனது.

"மூணு தடவை கேட்டாரா?" என்றாள்.

"ஆமா."

"அப்பாவா?"

"ஆமா துர்கா."

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. இறங்கும்போது, "அக்கா, எனக்கு இதுல ஒரு காப்பி வேணும்" என்றாள். விண்ணப்பத்துக்கா என்று கேட்டேன். "இல்ல, எனக்கு" என்றாள்.

உங்களைப் பார்க்க வருகிறாயா என்று கேட்டேன். வரமாட்டேன் என்றாள். நான் வற்புறுத்தவில்லை. உங்களிடம் கேட்கச் சொல்லி ஒரே ஒரு கேள்வி மட்டும் சொன்னாள்: "மூணாவது தடவை அவர் கேட்டப்ப நான் எங்க இருந்தேன்?"

முகவரி கீழே இருக்கிறது. அவளுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும்.

அன்புடன்,
ராஜினி


கிள்ளான்,
3.12.2023

துர்காஷினிக்கு,

நலமா என்று கேட்கிற உரிமை எனக்கு இல்லை. ஆனாலும் கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நலமா? அம்மா நலமா?

நீ கேட்டதாக ராஜினி எழுதியிருந்தாள். அந்தத் தாளிலும் நான் அதைச் சொல்லவில்லை. ராஜினிக்கும் எழுதவில்லை.

நீ பிறந்து பதினோரு நாள். உன் அம்மா பிரசவத்துக்குப் போன தாய் வீட்டில் இருந்தாள். மத்தியானம். உன் அப்பா லோரியைத் தெரு முனையில் நிறுத்திவிட்டு, மழையில் உன்னைச் சட்டைக்குள் வைத்து மூடிக்கொண்டு ஓடிவந்தான். அவன் நனைந்திருந்தான், நீ நனையவில்லை. உட்காரு என்றேன், உட்காரவில்லை. பையில் இருந்து தாளை எடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. அதனால் உன்னை என் மடியில் கொடுத்தான்.

தாளை விரித்து என் முன்னால் வைத்தான். "இந்தா பாருங்கம்மா, என் பேரு போட்டிருக்கு. எம்புள்ளதான்னு இருக்கு. ஆனா கீழ பாருங்க" என்று விரலை வைத்துக் காட்டினான். "நாளைக்கே போய் எழுதிட்டு வந்துடறேம்மா. நீங்க சரின்னு சொன்னாப் போதும்" என்றான்.

நீ தூங்கிக்கொண்டிருந்தாய். என் சேலை முந்தானையைக் கையில் பிடித்திருந்தாய். எனக்குக் கீழே குனிந்து பார்த்தால் உன் முகம், நிமிர்ந்து பார்த்தால் அவன் முகம். உன்னை மடியில் வைத்துக்கொண்டுதான் வேண்டாம் என்றேன்.

அவன் தாளை மடித்தான். "சரிம்மா" என்றான். உன் விரலை ஒவ்வொன்றாக என் சேலையில் இருந்து விடுவித்துத் தூக்கிக்கொண்டு போனான்.

நீ அங்கேதான் இருந்தாய்.

அவனைப் பற்றி எனக்குத் தெரிந்தது இன்னும் நிறைய இருக்கிறது. எல்லாம் இப்படிப்பட்டது இல்லை. நன்றாகச் சிரிப்பான், வாழைக்காய் சாப்பிடமாட்டான், பொய் சொல்லத் தெரியாது. நீ கேட்டால் ஒவ்வொன்றாக எழுதுகிறேன். பதில் போட வேண்டாம் என்று எழுத நினைத்தேன். சத்தியப் பத்திரம் கொடுத்த பிறகு பொய் எழுத வரவில்லை. போட்டால் படிப்பேன்.

இப்படிக்கு,
கமலநாதனின் அம்மா,
புஷ்பவல்லி